ஏழுக்கு அப்புறம்

அன்றைக்கு டிஸ்க் சத்தம் போடவில்லை.

மற்ற நாட்களில் போடும். பழைய டிஸ்க். மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, ஈரம் துடைக்காத கையோடு கணினி முன்னால் உட்கார்ந்து அந்த ஒலிப்பதிவைத் தட்டியதும், மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள்ளிருந்து கறகறவென்று எதையோ மெல்லுவது போல ஒரு சத்தம் வரும். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு இரண்டு மூன்று முறை கண் சிமிட்டும். அதற்குப் பிறகுதான் குழந்தையின் குரல். ஒரு வருஷமாக இதே வரிசைதான். அன்று சத்தமும் இல்லை, விளக்கும் சிமிட்டவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, பத்து! வரட்டுமா?"

அவ்வளவுதான் பதிவு. கண்ணாமூச்சி ஆடும்போது மனைவியின் போனில் எடுத்தது. 'வரட்டுமா' என்று கேட்ட இடத்தில் போனில் இடம் தீர்ந்துபோய் நின்றுவிட்டது. கணினிக்கு மாற்றிய பிறகு அந்தப் போனும் கெட்டுப்போனது. எட்டையும் ஒன்பதையும் குழந்தை கடைசிவரை சொன்னதே இல்லை. ஏன் கொசு என்று கேட்டால், அந்த ரெண்டும் எனக்குப் பிடிக்கல என்று முகத்தைச் சுளிப்பாள். கொசு என்பது அப்பாவான அவன் வைத்த பட்டப்பெயர். காலையில் கண் விழித்தது முதல் காதுக்குப் பக்கத்திலேயே நொய்நொய் என்று சுற்றிக்கொண்டிருப்பாள் என்பதால். இப்போது அந்த வீட்டில் எதுவும் நொய்யென்று சொல்வதில்லை.

"வாடி தங்கம்" என்றாள் மனைவி, திரையைப் பார்த்து. தினமும் சொல்வதுதான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பாள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அவள் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் போனதும் அவன் குனிந்து பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தான். ஓடுகிற டிஸ்க்கில் ஒரு மெல்லிய துடிப்பு இருக்கும், கையில் தெரியும். இல்லை. பெட்டி ஜில்லென்று இருந்தது.

குரல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவனுக்கு அவசியம் இருக்கவில்லை. அது அவன் தொழில்.

அவன் வேலை பார்த்தது தகவல் சேமிப்பு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனியில். கணினியில் ஒரு கோப்பைக் கேட்டால், கணினி ஒவ்வொரு முறையும் அதை டிஸ்க்கிலிருந்து முழுசாக எடுத்துக்கொண்டிருக்காது. ஒரு முறை எடுத்ததைப் பிரதி எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்கும்போது டிஸ்க்கை ஒப்புக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பிரதியையே நீட்டிவிடும். வேகமாக இருக்கும், கேட்டவருக்கு வித்தியாசமும் தெரியாது. அந்தப் பிரதிதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. அடியில் டிஸ்க் நேற்று இரவுக்குப் பிறகு எப்போதோ செத்துப்போயிருக்கிறது. நினைவில் மட்டும் பெண் இருக்கிறாள். கணினி அணைந்தால் அதுவும் போய்விடும்.

மெய்யாகவே டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. உன் நினைவில் இருக்கிற பிரதி எனக்கு வேண்டாம், டிஸ்க்கிலிருந்து நேராக எடுத்துக்கொடு என்று கேட்கலாம். நேரடி முறை. எல்லா அமைப்புகளும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. இடம் கொடுக்காதபோது ஒன்று, இது இங்கே செல்லாது என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, நைசாக அந்த நினைவுப் பிரதியையே எடுத்து நீட்ட வேண்டும்.

அவன் எழுதியது இரண்டாவது ரகம். கேட்பவருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கிற அந்த மென்பொருளுக்கு ஆபீஸில் புரோக்கர் என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும் புரோக்கர். வீட்டுக் கணினியிலும் சோதனைக்காக அதைத்தான் போட்டு வைத்திருந்தான்.

அவன் சுபாவமே அப்படி. இல்லை என்ற சொல் அவன் வாயில் வராது. கடைக்காரரிடம் வராது, மேலதிகாரியிடம் வராது. ஆஸ்பத்திரியில், குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாள், டாக்டர் அவனை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்துச் சொல்லி முடித்த பிறகு, அவன் உள்ளே வந்தபோது, என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். தூங்குறாளாம், எழுப்ப வேணாமாம் என்றான். அவள் தலையாட்டிவிட்டு, குழந்தையின் காலைப் போர்வைக்குள் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து சொல்லும்வரைக்கும். அந்த நேரத்தைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் ஆபீஸில் டெஸ்டிங் அக்காவின் மேசைக்குப் போனான். மென்பொருளைச் சோதிக்கிற பெண்மணி; அவனைவிடச் சின்னவர்களும் பெரியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்சாரம் போய்ப் பதிவெல்லாம் காணாமல் போனதிலிருந்து, அக்கா புரோக்கரை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்பாத புதிய புரோக்கர் தயாராகிவிட்டது என்றாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடும். உன்ன மாதிரி பூசி மெழுகாது" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீட்ல போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வேற இடத்துல எடுத்து வச்சுக்கோ" என்றாள்.

அதை அவளா சொல்லித்தர வேண்டும்?

சனிக்கிழமை மனைவிக்கு வேலை இருந்தது, அவனுக்கு லீவு. மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டு, வீட்டுக்குள் சாயங்காலம் போல இருட்டியிருந்தது. கொசுவின் அறையில்தான் கணினி. அவள் கட்டில், துணி அலமாரி, ஜன்னல் திரையில் அவள் ஒட்டிவைத்த பட்டாம்பூச்சிகள், எல்லாம் அப்படியே. புதிதாக வாங்கிவந்த டிஸ்க்கைச் செருகி, நினைவில் இருந்த ஒலிப்பதிவை அதில் பிரதி எடுத்தான். எழுதியாச்சு என்று திரையில் வந்தது. இன்னொரு முறை எடுத்தான். எழுதியாச்சு. நிம்மதியாக மூச்சுவிட்டு, புதிய புரோக்கரைப் போட்டு, கணினியை அணைத்து மறுபடி ஏற்றினான். இன்வெர்ட்டர் தயவில், ஒரு வருஷத்தில் அது அணைந்தது அன்றுதான். மின்விசிறிகள் நின்றபோது அறையில் விழுந்த மௌனம் அவன் காதை அடைத்தது.

பழைய டிஸ்க்கிலிருந்து நேரடி முறையில் அந்தப் பதிவைக் கேட்டான்.

'இந்த முறை இங்கே செல்லாது.'

நேர்மையான பதில். சரி என்று நேரடி இல்லாமல் சாதாரணமாகக் கேட்டான். அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று பதில் வந்தது. செத்துவிட்டது உறுதி. போகட்டும், பிரதி இருக்கிறதே என்று புதிய டிஸ்க்கைத் திறந்தான். கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது பிரதியும் வெறும் பெயர்.

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. பிரதி எடுத்தது பழைய புரோக்கர் வழியாக. அவன் எழுதிய புரோக்கர். எழுதியாச்சு என்று தலையாட்டிவிட்டு, எழுதாமல், அதையும் நினைவிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாடிக்கையாளருக்குச் செய்த அதே வேலையை அவனுக்கும் செய்திருக்கிறது. அவன்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்தவன். கணினியை அணைத்ததும் நினைவு காலி. உலகத்தில் அவள் குரல் இருந்த ஒரே இடத்தை அவனே தன் கையால் அணைத்துவிட்டான்.

அவன் அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், வெறும் வீட்டில்.

மழை ஆரம்பித்தபோது பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. குடையை உதறும் சத்தம். செருப்பு. குழாய். அவள் ஒவ்வொரு சத்தமாக நெருங்கி வந்தாள். சொல்லிவிட வேண்டும். உட்காருமா, ஒரு விஷயம், குரல் போயிடுச்சு, நான்தான் போக்கடிச்சேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் வந்தது. அவள் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்று அவன் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

"இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றான்.

அவள் உட்கார்ந்து தட்டினாள். எதுவும் வரவில்லை. ஒரு நிமிஷம் பொறு, இப்போதுதான் ஏற்றினேன் என்று சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே அவன் திரையை எட்டிப் பார்த்தான். மத்தியானம் அவன் கேட்ட கேள்வி இன்னும் ஒரு ஓரத்தில் திறந்தே கிடந்தது. அதற்குக் கீழே 'இந்த முறை இங்கே செல்லாது' என்ற வரி. அதற்கும் கீழே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு வரி விழுந்தது.

'சரி.'

செத்த டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. கறகறவென்று பழைய சத்தம் இல்லை. வேறு சத்தம். ஏதோ ஒன்று நகர்ந்து, விலகி, மறுபடி நகர்ந்து வருகிற சத்தம். சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. அறைக்குள் ஈர மண் வாசனை வந்தது. மழை பெய்கிறது, வரத்தான் செய்யும் என்று நினைத்தவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னல் சாத்தியிருந்தது.

"ஒண்ணு" என்றது குரல்.

கொசுவின் குரல்தான். ஆனால் பதிவில் அவள் குரலுக்குப் பின்னால் வீட்டுச் சத்தம் இருக்கும், பக்கத்துவீட்டு ரேடியோ, மனைவி அடக்க முடியாமல் சிரிக்கும் சிரிப்பு. இதில் எதுவுமே இல்லை. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல, கனமாக, ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் நீண்ட நேரம் விட்டு வந்தது. ரெண்டு. மூணு. மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நாலு. அஞ்சு. ஆறு.

"ஏழு."

அவன் பத்துக்காகக் காத்திருந்தான்.

"எட்டு."

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். ஒரு வருஷமாக அவன் பார்க்காத முகம். கண்ணெல்லாம் நீர், உதட்டில் சிரிப்பு.

"எட்டு சொல்லிட்டா" என்றாள். "கேட்டீங்களா? என் பொண்ணு எட்டு சொல்லிட்டா."

"ஒம்பது" என்றது குரல்.

நினைவு எதைத் தரும் என்று அவனுக்குத் தெரியும். நினைவு, இருந்தவளைத் தரும். ஏழோடு நிறுத்தியவளை, பிஸ்கட் ஒட்டிய கையை, காலை வெயிலில் தெரிந்த பூனைமயிரை. நினைவில் அவள் என்றைக்கும் நன்றாகவே இருப்பாள். இது நினைவிலிருந்து வரவில்லை. நினைவை அவன் மத்தியானமே காலி செய்துவிட்டான். இது நேராக வருகிறது. அவள் இப்போது இருக்கிற இடத்திலிருந்து. இப்போது இருக்கிறபடியே. போன மழைக்காலத்தில், அவளுக்காகத் தோண்டிய சின்னக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்துத்தான் வைத்தார்கள்.

"பத்து" என்றது குரல். "வரட்டுமா?"

மனைவி வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "நான் தினமும்தான் கூப்பிடறேன். வரமாட்டேங்குறா. உங்ககிட்டதான் கேக்குறாபோல."

"அது அவ இல்லமா" என்று சொல்ல நினைத்தான். நினைத்ததோடு சரி.

அவன் தரையில் விழுந்து மேசைக்கு அடியில் ஊர்ந்தான். பெட்டியின் பக்கவாட்டைப் பிடுங்கினான். பழைய டிஸ்க்கை ஒயரோடு பிய்த்து எடுத்தான். கையில் கனத்தது. ஐஸ் மாதிரி இருந்தது. மின்சார ஒயரையும் இழுத்தான். மேலே திரை அணைந்து அறை இருண்டது. மின்விசிறிகள் நின்றன. மழை மட்டும்.

அவன் கையில் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது.

"வரட்டுமா?"

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அறைக்கு வெளியே, நடையிலிருந்து. கண்ணாமூச்சியில் அவள் சுவரில் முகம் புதைத்து எண்ணும் இடத்திலிருந்து.

வேண்டாம் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். வேணாம்டா கொசு. தூங்கு. அப்பாவால முடியல, நீ தூங்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவளிடம் அவன் எதற்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்? ஐஸ்கிரீமுக்குச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதற்கும் சொன்னதில்லை. மேசைக்கு அடியில், இருட்டில், டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் பார்க்கவில்லை. அவன் தலை தானாக ஆடியது.

சரி என்று ஆடியது.

நடையில் முதல் அடி விழுந்தது. ஈரமான அடி. இன்னொன்று. கதவு அசைந்தது. மண் வாசனை அறையை நிறைத்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை.

எப்போதுமே அவன் ஒளிவது மேசைக்கு அடியில்தான். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எல்லா இடத்திலும் தேடிவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே வருவாள். அதுதான் ஆட்டம்.

துணி அலமாரியின் கதவு திறந்தது. மூடியது.

ஜன்னல் திரை விலகியது. பட்டாம்பூச்சி ஒன்று தரையில் விழுந்தது.

"அங்க இல்லடி" என்றாள் மனைவி, சிரிப்பும் அழுகையுமாக. "அப்பா எங்க ஒளிவார்னு உனக்குத் தெரியாதா? இங்க வா. அம்மாகிட்ட வந்துட்டுப் போ. எவ்ளோ நாளாச்சு. வா, தங்க..."

பாதியில் நின்றது.

அவளுக்கு முன்னால் நின்றதை மின்னல் ஒன்று வெளிச்சமாக்கிவிட்டுப் போயிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து அவனுக்கு மனைவியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. பின்வாங்கவும் இல்லை. கத்தினால் குழந்தை பயந்துவிடுமே என்று அடக்கிக்கொண்ட மூச்சு மட்டும் கேட்டது.

அடிகள் அவளைத் தாண்டின. நாற்காலியைச் சுற்றின. அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன.

"என்னங்க" என்றாள் மனைவி. சன்னமாக, முன்பெல்லாம் கட்டிலில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் பேசுவாளே, அந்தக் குரலில். "திரும்பாதீங்க."

பின்கழுத்தில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

சின்னக் கை. அவள் வைக்கிற அதே இடம். அதில் எலும்பின் நுனி தட்டுப்பட்டது. ஈர மண் உதிர்ந்து அவன் சட்டைக்குள், முதுகுத்தண்டு வழியாக, மெல்ல இறங்கியது.

"பிடிச்சிட்டேன்."

இந்த இடத்தில் அவன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை தடவை ஆடினாலும் சொல்லுவான். சொன்னால்தான் அவள் சிரிப்பாள். சொல்லிவிட்டுத் திரும்பி, அவளை அப்படியே தூக்கிக்கொள்வான்.

"ஐயய்யோ" என்றான் அவன், குரல் நடுங்காமல். "மாட்டிக்கிட்டேனே."

பின்னால் சிரிப்பு வந்தது. கை அப்படியே இருந்தது. அவன் திரும்புவதற்காக, மண்ணை உதிர்த்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தது.